பழைய அம்பாசடரா, புதிய தாரா?

1489 சிசி பெட்ரோல் அம்பாசடர் காருக்கும் 2020-இல் வந்த மூன்று கதவு மஹிந்திரா தார் ஃபோர்-வீல் டிரைவுக்கும் (நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் ரகம்) இடையே தடுமாறுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பின்சீட்டை. அம்பாசடரில் வயதானவர்கள்கூடச் சுலபமாக ஏறி, மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். தாரில் முன்சீட்டை மடக்கித்தான் உள்ளே ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது தண்டனை.

வேகத்தில் போட்டியே இல்லை. ஏறத்தாழ 50 குதிரைசக்தி எங்கே, தார் பெட்ரோலின் 150 எங்கே!

அம்பாசடர் வாங்குபவருக்கு இன்றைய பெரிய தலைவலி 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பழைய ரப்பர் எத்தனால் பட்டால் ஊறி உப்பிவிடும். அதனால் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், ஹோஸ்கள், கார்புரேட்டர் கேஸ்கட் மூன்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். எத்தனாலால் காற்று-எரிபொருள் கலவை மெலிந்து, ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி திணறும். கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினால் பெரும்பாலும் சரியாகும். வெயிலில் நின்றுபோனால் பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டு ஆறவிடுங்கள், கிளம்பிவிடும். இக்னிஷன் பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், அதை அளக்கும் ஃபீலர் கேஜ் வண்டியிலேயே இருக்கட்டும்.

வாங்கும் முன் ஒரு காந்தத்தோடு போங்கள். கதவுக்குக் கீழுள்ள பகுதியில் காந்தம் ஒட்டாவிட்டால் அங்கே துருவை மறைத்துப் பட்டி பூசியிருக்கிறார்கள். தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) இல்லாத வண்டி என்பதால், அந்தத் தகடுதான் பாரம் தாங்குகிறது. இன்ஜினை எப்போது வேண்டுமானாலும் பிரித்து வேலை செய்யலாம். பாடி போனால் செலவு எல்லை மீறும்.

சேறும் ஆற்றுமணலும் தாரின் களம். தரை இடைவெளி 226 மிமீ. 650 மிமீ ஆழத் தண்ணீர்வரை இறங்கும். ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலை) போடாதீர்கள். திருப்பத்தில் முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு தூரம் ஓடும். அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. கியர்கள் முறுக்கேறி லீவர் சிக்கிக்கொள்ளும். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் விடுபடும். மெதுவாக, கூடுதல் இழுவையோடு போக உதவும் 4எல் நிலையைப் போட வண்டியை நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்தபின் மாற்றுங்கள். டீசல் தாரை ஊருக்குள் குட்டிக்குட்டிப் பயணங்களுக்கு மட்டும் ஓட்டினால் புகை வடிகட்டியான டிபிஎஃப் அடைக்கும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டியாக வேண்டும். சென்சார் பழுதென்றால் ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் போக முடியும்.

வீட்டுக்கு ஒரே வண்டி என்றால் தார். இரண்டாவது வண்டியாக, கையில் கிரீஸ் படுவதை ரசிப்பவருக்கு அம்பாசடர். பதிவுச் சான்றான ஆர்.சி.யையும் பாருங்கள்: 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை மறுபதிவு வேண்டும். 50 ஆண்டு கடந்ததை விண்டேஜாகப் பதிந்தால் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட அனுமதியில்லை.