இந்தியன் கானூன்: ஓசியில கிடைக்கிற சட்ட லைப்ரரி, ஆனா கண்ண தொறந்து வச்சு படிக்கணும்

ஹைகோர்ட் தீர்ப்பு படிக்கணும்னா ஒண்ணு வக்கீல் ஆபீஸுக்கு போகணும் இல்ல காசு கட்டி டேட்டாபேஸ் வாங்கணும்னு இன்னும் நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க, ஆனா இந்தியன் கானூன் சைட் 2008லேருந்து இருக்கு, தீர்ப்பு படிக்க லாகின் கூட வேண்டாம்.

எல்லாரும் சர்ச் நல்லா இருக்குன்னு சொல்வாங்க, என்னைக் கேட்டா இதோட உயிரே "சைட்டட் பை" லிங்க் தான், அதாவது ஒரு தீர்ப்பை பின்னால வந்த எந்தெந்த தீர்ப்பு மேற்கோள் காட்டுதுன்னு காட்டுற லிங்க். செண்பகம் துரைராஜன்னு போட்டு பாருங்க, 1950 ஜூலைல மெட்ராஸ் ஹைகோர்ட் கம்யூனல் ஜி.ஓ. (காலேஜ் சீட்ட சாதி, மத வாரியா பிரிச்ச அரசாணை) செல்லாதுன்னு சொன்னது வரும், சர்க்கார் அப்பீல் போய் 1951 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்லயும் தோத்துச்சு, இங்க போராட்டம் வெடிச்சு அந்த ஜூன்லயே முதல் அரசியலமைப்பு திருத்தம் வந்து, பின்தங்கினவங்களுக்கு சர்க்கார் தனி ஏற்பாடு பண்ண வழி விடற 15(4) உள்ள நுழைஞ்சுது. இதுல கூத்து என்னன்னா கேஸ் போட்ட செண்பகம் அம்மா மெடிக்கல் சீட்டுக்கு அப்ளிகேஷனே போடலங்கறது சுப்ரீம் கோர்ட் தீர்ப்புலயே எழுதியிருக்கு! அதே மாதிரி வி.ஜி. ராவ் கேஸ், ஒரு சங்கத்தை சர்க்கார் தடை பண்ணுனத நம்ம ஹைகோர்ட் அடிச்சுது, 1952ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லுச்சு, அடிப்படை உரிமைக்கு எது நியாயமான கட்டுப்பாடுன்னு பேச்சு வந்தா இன்னிக்கும் அந்த தீர்ப்பைத்தான் எடுத்துப் போடுறாங்க. லிங்க அமுக்கிகிட்டே போனா ராத்திரி போறதே தெரியாது.

குறைன்னா, ஒரு தீர்ப்பு இன்னும் உயிரோட இருக்கான்னு நாமதான் துருவணும். ஓரினச்சேர்க்கைய குத்தமாக்குன 377வது பிரிவு விஷயத்துல, பெரியவங்க சம்மதத்தோட இருந்தா குத்தமில்லன்னு டெல்லி ஹைகோர்ட் 2009ல சொன்னத 2013ல சுப்ரீம் கோர்ட் கவுத்துடுச்சு, அப்புறம் 2018ல அஞ்சு ஜட்ஜ் உக்காந்து அந்த 2013 தீர்ப்பே தப்புன்னுட்டாங்க, 2009 பக்கத்த மட்டும் படிச்சுட்டு வந்தா பாதி கதைதான் தெரியும். காசு வாங்குற டேட்டாபேஸுக்கு ஜனங்க காசு கட்டுறது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

அடுத்து பெஞ்ச். ரிசல்ட்ல சிங்கிள் ஜட்ஜ், டிவிஷன் பெஞ்ச் (ரெண்டு ஜட்ஜ்), ஃபுல் பெஞ்ச் (மூணு அல்லது அதுக்கு மேல) எல்லாம் ஒரே வரிசையில வந்து நிக்கும், உள்ள போய் மேல ஜட்ஜுங்க பேரை எண்ணிப் பாத்தாத்தான் யாரு சொன்னது யாரை கட்டுப்படுத்தும்னு புரியும். கேரளா ஹைகோர்ட் சொன்னத இங்க காட்டலாம், ஆனா இங்க உள்ள கோர்ட்டு கேட்டே ஆகணும்னு இல்ல. நம்ம ஹைகோர்ட் சட்டம் இதுதான்னு சொல்லிட்டா இங்க இருக்கற ஆபீசரும் டிரிப்யூனலும் அதை மீற முடியாது, ஈஸ்ட் இந்தியா கமர்ஷியல் கேஸ்ல 1962லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. தாலுகா ஆபீஸ்ல அலையறவங்க இத ஒரு பிரிண்ட் எடுத்து வச்சுக்கலாம்.

அரசியலமைப்பு 226வது பிரிவுல ரிட் (சர்க்கார் உத்தரவை எதிர்த்து நேரா ஹைகோர்ட்ல போடற மனு) போட நினைக்கறவங்களுக்கு ஒண்ணு. "மனுவை பரிசீலிச்சு இத்தனை வாரத்துல உத்தரவு போடு"ன்னு முடியற ஆர்டர் ஆயிரக்கணக்குல வரும், வாட்ஸப் குரூப்ல அதையே "ஹைகோர்ட் அதிரடி தீர்ப்பு"ன்னு சுத்த விடுவாங்க, அதுல சட்டம்னு ஒண்ணும் இருக்காது, தாண்டி போங்க. நோட்டீஸ் குடுக்காம போட்ட ஆர்டர், காரணம் எழுதாத ஆர்டர்னு குறிப்பா தேடுனா உருப்படியா கிடைக்கும். சர்க்கார் தரப்பு "அப்பீல் வழி இருக்கே, நேரா ஏன் இங்க வந்தீங்க"ன்னு மடக்கும், அதுக்கு சுப்ரீம் கோர்ட்டோட 1998 வேர்ல்பூல் தீர்ப்ப படிங்க, இயற்கை நீதி மீறல் (நம்ம பக்கத்த கேக்காமலே முடிவு பண்றது மாதிரி), அதிகாரமே இல்லாம போட்ட உத்தரவு, அடிப்படை உரிமை மீறல்னு எப்பெல்லாம் நேரா வரலாம்னு அதுல இருக்கு.

வாதம், கோர்ட் சொன்ன காரணம், முடிவுன்னு பத்திகளுக்கு கலர் போட்டு பிரிச்சு காட்டுறாங்க, நல்ல வசதி, ஆனா மெஷின் பண்றது, வக்கீல் வாதத்த கோர்ட் சொன்னதா எடுத்துக்காதீங்க. டேபிள் வந்தா வரியெல்லாம் கொழம்பிடும். தாக்கல் பண்றதுக்கு சர்டிஃபைட் காப்பி கோர்ட்லதான் வாங்கணும். தீர்ப்பெல்லாம் பெரும்பாலும் இங்கிலீஷ்லதான், அதுக்கு சைட்ட குத்தம் சொல்ல முடியாது. அஞ்சுக்கு நாலு ஸ்டார்.