பின்போர்டு: குறிச்சொற்களை நம்பி இயங்கும் ஒரு சேமிப்பகம்

வலைப்பதிவுகளைத் தேடுவதற்கென்றே இருந்த சேவைகள் இன்று இல்லை. 2002இல் தொடங்கிய டெக்னோரட்டி 2014இல் தன் வலைப்பதிவுப் பட்டியலைக் கைவிட்டது. 2005இல் வந்த கூகுளின் வலைப்பதிவுத் தேடலும் மூடப்பட்டுவிட்டது. ஒருவர் படித்துத் தேர்ந்தெடுத்து, குறிச்சொல் (பொருளைச் சுட்டும் சிறு அடையாளச் சொல்) இட்டுச் சேமித்து வைத்த இணைப்புகளே இப்போது பழைய நல்ல பதிவுகளுக்கு நம்பகமான வழி என்பது என் எண்ணம். அப்படி இணைப்புகளைச் சேமித்து வைக்கும் வேலையைச் செவ்வனே செய்யும் இணையச் சேவை பின்போர்டு.

2009இல் மாச்சேய் செக்லோவ்ஸ்கி இதைத் தொடங்கினார். இணைப்புச் சேமிப்புச் சேவைகளின் முன்னோடியான டெலிஷியஸையே 2017இல் 35,000 டாலருக்கு இவர் வாங்கிக்கொண்டார். விளம்பரம் கிடையாது, பயனர் செலுத்தும் ஆண்டுக் கட்டணத்திலேயே சேவை நடக்கிறது. தோற்றம் மிக எளிமையானது, படங்கள் இல்லாதது. எனக்கு அதுவே நிறைவாக இருக்கிறது.

இதன் உயிர் குறிச்சொற்களில்தான் இருக்கிறது. கீழடி அகழாய்வு பற்றிய ஒரு பதிவுக்குக் 'கீழடி', 'பானையோடு', 'வைகை' என மூன்று சொற்களை இட்டுவைத்தால், பின்னர் அவற்றுள் இரண்டைச் சேர்த்துக் கேட்டு, இரண்டும் பொருந்தும் இணைப்புகளை மட்டும் வரவழைக்கலாம். ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் தனி ஆர்எஸ்எஸ் ஓடை (ஓடை படிக்கும் செயலியில் சேர்த்தால் புதியவற்றைத் தானாகக் காட்டுவது) உண்டு என்பதால், ஓர் ஆசிரியர் தம் மாணவர்களுக்கு அந்த ஓடையின் முகவரியை ஒருமுறை கொடுத்தால் போதும். பிறகு அவர் அதே சொல்லிட்டுப் பொதுவில் சேமிக்கும் எதுவும் தானாகவே அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடும். பிறர் பார்க்க வேண்டாதவற்றைத் தனிப்பட்டவையாகவும் வைத்துக்கொள்ளலாம். புள்ளியில் தொடங்கும் குறிச்சொல் அதை இட்டவருக்கு மட்டுமே தெரியும்.

தமிழில் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறிச்சொல்லுக்குள் இடைவெளி வரக்கூடாது. வந்தால் அது இரண்டு சொற்களாகப் பிரிந்துவிடும். 'நாட்டுப்புறப் பாடல்' என்பதை 'நாட்டுப்புறப்பாடல்' என்று சேர்த்தோ, இடையில் சிறுகோடு இட்டோதான் எழுத வேண்டும். 'கல்வெட்டு' என்று ஒருநாளும் 'கல்வெட்டுகள்' என்று மறுநாளும் இட்டால், அவை இரு வேறு தொகுப்புகளாகவே நிற்கும். எனவே ஒருமையா பன்மையா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. ஏற்கெனவே கலந்துபோயிருந்தால், குறிச்சொல்லின் பெயரை மாற்றும் வசதியைக் கொண்டு இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம்.

கூடுதல் கட்டணம் செலுத்துவோருக்கு, சேமித்த பக்கங்களின் நகலையும் பின்போர்டு எடுத்து வைக்கிறது. அப்பக்கங்களின் முழு உரையிலும் தேட முடிகிறது. எழுதியவர் புதுப்பிக்காமல் விட்டு, தளமே மறைந்துபோன தமிழ் வலைப்பதிவுகள் ஏராளம் என்பதால், ஆய்வாளர்களும் சிற்றிதழ்க்காரர்களும் இந்தக் கூடுதல் செலவுக்குத் தயங்க வேண்டியதில்லை. சமையல் குறிப்புகளையும் செய்திகளையும் சேமிப்பவர்களுக்குச் சாதாரணக் கணக்கே போதும். எந்தக் கணக்காக இருந்தாலும், எல்லா இணைப்புகளையும் குறிச்சொற்களோடு ஒரே கோப்பாகத் தரவிறக்கிக்கொள்ள முடிவதால், அவ்வப்போது அதைச் செய்து தம் கணினியிலும் ஒரு படி வைத்துக்கொள்ளலாம்.