'என்னைப் பார்' பயிற்சியா, 'அதைப் பார்' பயிற்சியா? அஜிலிட்டி நாயின் கவனம் பற்றி ஓர் ஒப்பீடு

அஜிலிட்டி என்பது நம் சைகையைப் பார்த்து நாய் வரிசையாகத் தடைகளைக் கடந்து ஓடும் விளையாட்டு. வீட்டில் சொன்ன பேச்சைத் தட்டாத நாய், அதன் பயிற்சி மைதானத்துக்கு வந்ததும் யாரோ போல நடந்துகொள்ளும். பக்கத்தில் இன்னொரு நாய் ஓடும், புல்லில் புது வாசனை அடிக்கும், ஓரத்தில் ஆட்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். நம் குரல் அதன் காதில் விழாமல் இல்லை, ஆனால் திரும்ப முடிவதில்லை. இதை அடம் என்று நினைத்து அதட்டினால் மைதானமே அதற்குப் பிடிக்காமல் போய்விடும். அதனால் அதட்டலை இங்கே ஒரு வழியாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

பெரும்பாலானோர் முதலில் பழக்குவது 'என்னைப் பார்'. நாய் நம் கண்ணைப் பார்த்தால் ட்ரீட், அதாவது பரிசாக ஒரு தின்பண்டம், கிடைக்கும். ஓரிரு நாளில் பிடித்துக்கொள்ளும். வரிசையில் காத்திருக்கும்போதும், ஓட்டம் தொடங்கும் கோட்டில் உட்கார வைக்கும்போதும் இது நன்றாகவே உதவும். ஆனால் ஓடத் தொடங்கிய பிறகு இதுவே இடைஞ்சல். அஜிலிட்டியில் நாயின் கண் அடுத்த தடையின் மேல் இருக்க வேண்டும். நாய் வளைந்து வளைந்து நுழைந்து போக வேண்டிய கம்பு வரிசையான வீவ் போலை எடுத்துக்கொள்ளுங்கள். 60 செ.மீ. இடைவெளியில் 12 கம்புகள், முதல் கம்பு நாயின் இடப்பக்கம் வரும்படி நுழைய வேண்டும். என் நாய்க்குப் பல மாதம் 'என்னைப் பார்' மட்டுமே பழக்கினேன். என் முகத்தையே பார்த்தபடி வந்து, முதல் இடைவெளியை விட்டுவிட்டு இரண்டாவதில் நுழைந்தது. அதன்மேல் ஒரு தப்பும் இல்லை, நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தது.

'அதைப் பார்' நேர் எதிரானது. நாய் தன் கவனத்தை இழுக்கும் பொருளைப் பார்த்த அந்த நொடியிலேயே கிளிக்கர் (அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு கருவி) அடித்து ட்ரீட் தர வேண்டும். பராக்குப் பார்ப்பதற்கே கூலி கொடுக்கிறோமே என்று தோன்றும். நடப்பது வேறு. சில நாளில் நாய் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தானாகவே நம்மிடம் திரும்பும். இன்னொரு நாய் தெரிந்தால் ட்ரீட் வரும் என்று ஆகிவிடுவதால் பதற்றமும் தணியும். பயந்த சுபாவமுள்ள நாய்க்கு இது பெரிய ஆறுதல், ஏனென்றால் பயமுறுத்தும் ஒன்றுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்வது அதற்குக் கொடுமை. இதில் எல்லாமே தூரத்தைப் பொறுத்தது. ட்ரீட்டை நீட்டியும் வாங்கவில்லை என்றால் அதிகம் நெருங்கிவிட்டோம், பின்வாங்க வேண்டும். பொறுமை வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு: எது கவனத்தைக் கலைக்கிறதோ அதையே பரிசாக்குவது. அதிகம் விரும்பும் செயலைக் காட்டிக் குறைவாக விரும்பும் செயலைச் செய்யவைக்கலாம் என்று உளவியலாளர் டேவிட் பிரிமாக் 1959-இல் எழுதினார். ஒரு ஜம்ப் தாண்டியதும் 'போய் மோந்து பார்' என்று விடுவது அந்த வகை. மோப்பப் பிரியர்களுக்கு இது அருமை. ஓடும் நாயைத் துரத்தும் குணமுள்ளதற்கு வேண்டவே வேண்டாம், துரத்த விடுவது ஆபத்து. இன்னொன்று, நம் கைச்சைகை புரியாமல் குழம்பும் நாயும் தரையை மோந்துகொண்டு நிற்கும். அப்போது திருத்த வேண்டியது நம் சைகையைத்தான்.

சரி, ட்ரீட்டா பொம்மையா? ட்ரீட் நாயை நிதானப்படுத்தும், இழுத்து விளையாடும் பொம்மை உசுப்பேற்றும். உற்சாகம் ஓரளவு வரை உதவும், அதைத் தாண்டினால் நுணுக்கமான வேலைதான் முதலில் கெடும். உளவியலாளர்கள் யெர்க்ஸும் டாட்சனும் 1908-லேயே எலிகளிடம் இந்தப் போக்கைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் வீவ் போலுக்கு ட்ரீட்டும், டனலுக்கும் (நாய் உள்ளே புகுந்து ஓடும் குழாய்) ஜம்புக்கும் முன்னால் எறியும் பொம்மையும் என்று பிரித்து வைத்திருக்கிறேன். முன்னால் விழும் பொம்மை நாயின் கண்ணையும் முன்னாலேயே வைத்திருக்கும்.

எதைத் தேர்ந்தாலும், எஃப்.சி.ஐ. (சர்வதேச நாய் அமைப்புகளின் கூட்டமைப்பு) போட்டியில் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு களத்தில் இறங்க முடியாது. ஆகவே பயிற்சியிலேயே ட்ரீட் டப்பாவைக் களத்துக்கு வெளியே வைத்துவிடுங்கள். முதலில் ஒரே ஒரு ஜம்ப், உடனே இருவரும் சேர்ந்து டப்பாவுக்கு ஓட வேண்டும். அப்புறம் இரண்டு தடை, மூன்று தடை என்று ஏற்றிக்கொண்டு போகலாம்.