டெக்ஸ்ட் ஃபைலை டேட்டாபேஸில் ஏற்ற எது நல்லது? போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட், டக்டிபி – நாலையும் வைத்து ஓர் அலசல்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடக் கணக்கு எக்செல்லில் கிடக்கிறது: நாள், ஊர், விவசாயி எண், பூ வகை, கிலோ, கிலோ விலை, தொகை. மொத்தம் 4 லட்சம் வரி. இதை சிஎஸ்வி (கமாவால் பிரித்த டெக்ஸ்ட் ஃபைல்) ஆக்கி டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். ஒரு வரி இப்படி இருக்கும்:

25/03/2024,திருப்பரங்குன்றம்,0417,மல்லி,50,"2,500","1,25,000"

டெர்மினலிலிருந்து ஏற்றும் வசதி எல்லா டேட்டாபேஸிலும் உண்டு. இந்த அளவு ஃபைலை எதுவுமே சில நொடிகளில் ஏற்றிவிடும். ஆகவே வேகத்தை வைத்துச் சண்டை போடுவது வீண். மேலே இருக்கும் ஒரே வரியில் நாலு கண்ணி இருக்கிறது: நாள் முதலில் வரும் தேதி, சுழியத்தில் தொடங்கும் எண், லட்சக் கணக்கில் கமா போட்ட தொகை, நீளமான தமிழ்ப் பெயர். இவற்றைப் பார்த்ததும் எது நிற்கிறது, எது சத்தமில்லாமல் மாற்றி எழுதுகிறது, எது அப்படியே விழுங்குகிறது என்பதுதான் தேர்வுக்கான அளவுகோல்.

கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

ஏற்றும் முன் ஃபைலைப் பாருங்கள்

எக்செல்லில் சேமிக்கும்போது வெறும் "சிஎஸ்வி" என்று இருப்பதைத் தேர்ந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். அந்த ஃபைலிலிருந்து அதை மீட்க வழியே இல்லை. "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்பதைத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, 91 சேர்த்த 12 இலக்க மொபைல் எண்ணை எக்செல் 9.19877இ+11 என்று சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியில் அந்தச் சுருக்கமே பதிவாகும். அந்த நெடுவரிசையை முன்பே டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்கும்போது எக்செல் ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட் குறி ஒன்றை வைக்கும், பாம் என்பார்கள். தலைப்பு வரியைத் தள்ளிவிட்டு ஏற்றினால் பாமும் அதோடு போய்விடும். தலைப்பு இல்லாத ஃபைல் என்றால் போஸ்ட்கிரஸிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் முதல் வரியின் முதல் கட்டத்தில் அது ஒட்டிக்கொள்ளும். "கண்ணுக்குச் சரியாகத்தானே இருக்கிறது, ஏன் பிழை" என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான்.

லினக்ஸில் "ஃபைல்" கட்டளை எழுத்துமுறையையும் வரி முடிவையும் சொல்லிவிடும். "டபிள்யூசி மைனஸ் எல்" வரிகளை எண்ணித் தரும். ஆனால் மேற்கோள் குறிக்குள் எண்டர் தட்டிய முகவரி ஏதாவது இருந்தால் அந்த எண்ணிக்கை உண்மையான பதிவுகளைவிடக் கூடுதலாக வரும்.

போஸ்ட்கிரஸ்: கறார்க்காரர்

இதில் ஏற்றும் கட்டளையாக இரண்டு காப்பி உண்டு. வெறும் "காப்பி" என்பது சர்வரே ஃபைலைத் திறப்பது. ஃபைல் சர்வர் இருக்கும் இயந்திரத்தில் இருக்க வேண்டும். சூப்பர்யூசர் உரிமையோ, பதிப்பு 11இலிருந்து உள்ள சர்வர் ஃபைல் படிக்கும் ரோலோ வேண்டும். பின்சாய்வோடு வரும் "\காப்பி" பிஎஸ்க்யூஎல் நிரலின் சொந்தக் கட்டளை: உங்கள் கணினியில், உங்கள் உரிமையில் ஃபைலைப் படித்துச் சர்வருக்கு அனுப்பும். வாடகை சர்வர் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் வழி.

\காப்பி பூ_கணக்கு ஃப்ரம் 'பூ.சிஎஸ்வி' வித் (ஃபார்மட் சிஎஸ்வி, ஹெடர் ட்ரூ)

இதை ஒரே வரியில் எழுத வேண்டும். அழகுக்காக இரண்டாக உடைத்தால் வேலை செய்யாது.

கமா போட்ட தொகையைப் பார்த்தவுடன் போஸ்ட்கிரஸ் நின்றுவிடும். எத்தனையாவது வரி, எந்த நெடுவரிசை, என்ன மதிப்பு என்று சொல்லிவிட்டு, அதுவரை ஏற்றியதையும் சேர்த்து ரத்து செய்யும். 3,99,999 வரி சரியாக இருந்து கடைசி வரி தப்பென்றாலும் டேபிள் காலிதான். எரிச்சலாக இருக்கும், ஆனால் பணக் கணக்குக்கு இந்தக் குணம்தான் வேண்டும். பதிப்பு 17இல் (2024) "ஆன்_எரர் இக்னோர்" வந்தது: வகை மாற்றத்தில் தோற்கும் வரிகளை விட்டுவிட்டு மேலே போகும். கட்டம் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும் வரி வந்தால் அப்போதும் நிற்கும். ஒரே சாவி (வரியை அடையாளப்படுத்தும் தனி மதிப்பு) இருமுறை வந்தாலும் நிற்கும். எந்த வரி விடுபட்டது என்று தெரிய "லாக்_வெர்போசிட்டி வெர்போஸ்" சேர்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மொத்த எண்ணிக்கை மட்டும்தான் கிடைக்கும்.

இந்தக் கறார்க்காரரும் ஏமாறும் இடம் தேதி. பல நிறுவல்களில் தேதி முறை மாதம்–நாள்–வருடம் என்றே இருக்கும். 25/03/2024 வந்தால் 25ஆம் மாதம் இல்லை என்று பிழை சொல்லும், நல்லது. ஆனால் 03/04/2024 வந்தால் ஏப்ரல் 3 என்பது மார்ச் 4 ஆகப் பதிவாகிவிடும், ஒரு எச்சரிக்கையும் வராது. ஒவ்வொரு மாதமும் முதல் 12 நாள் இப்படிப் புரண்டுவிடும். ஏற்றும் அதே செஷனில் முதலில் "செட் டேட்ஸ்டைல் டு 'டிஎம்ஒய்'" கொடுங்கள், அல்லது பிஜிடேட்ஸ்டைல் என்ற சூழல் மாறியை வையுங்கள்.

வெற்றுக் கட்டத்தை இது நல் (மதிப்பு இல்லை என்ற குறி) ஆக எடுத்துக்கொள்ளும். மேற்கோளுக்குள் வெறுமையாக வந்தால் வெற்றுச் சொல். எண் நெடுவரிசையில் அப்படி வந்தால் பிழை, "ஃபோர்ஸ்_நல்" சரிசெய்யும். விண்டோஸ் ஃபைலையும் லினக்ஸ் ஃபைலையும் ஒட்டி ஒன்றாக்கியிருந்தால் வரி முடிவு மாறும் இடத்தில் நிற்கும். முதலில் டாஸ்2யூனிக்ஸ் (வரி முடிவை மாற்றும் நிரல்) ஓட்டுங்கள்.

இரவில் க்ரான் (குறித்த நேரத்தில் தானே ஓட்டும் நிரல்) வழியாக ஓட்டுகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். ஸ்கிரிப்டுக்குள் ஒரு கட்டளை தோற்றாலும் பிஎஸ்க்யூஎல் அடுத்ததுக்குப் போய்விட்டு, முடிவில் "வெற்றி" என்றே சொல்லும். "ஆன்_எரர்_ஸ்டாப்" மாறியை 1 ஆக வைத்தால்தான் நின்று, தோல்வி எண்ணைத் திருப்பும்.

மைஎஸ்க்யூஎல்: வசதி அதிகம், நம்பிக்கை குறைவு

முதல் தடை கதவு. மைஎஸ்க்யூஎல் 8.0இலிருந்து "லோக்கல்_இன்ஃபைல்" (உங்கள் கணினியிலுள்ள ஃபைலை ஏற்ற விடும் அமைப்பு) சர்வரில் மூடியே வரும். கிளையண்ட் (உங்கள் பக்கத்து நிரல்), சர்வர் இரண்டு பக்கமும் திறக்காவிட்டால் 3948 என்ற பிழை வரும். மூடியதற்குக் காரணம் உண்டு: கெட்ட நோக்கமுள்ள சர்வர் ஒன்று, கிளையண்டிடம் தான் விரும்பும் எந்த ஃபைலையும் கேட்டு வாங்கிவிட முடியும். ஏற்றி முடித்ததும் மறுபடி மூடிவிடுங்கள். லோக்கல் இல்லாமல் ஏற்றினால் செக்யூர்_ஃபைல்_பிரிவ் காட்டும் அடைவிலிருந்து மட்டுமே படிக்கும். வேறு இடத்தில் வைத்தால் 1290.

கதவு திறந்துவிட்டால், நம் ஃபைலுக்கு மிகப் பொருத்தமான கட்டளை இதில்தான் இருக்கிறது:

லோட் டேட்டா லோக்கல் இன்ஃபைல் 'பூ.சிஎஸ்வி' இன்ட்டு டேபிள் பூ_கணக்கு கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4 ஃபீல்ட்ஸ் டெர்மினேட்டட் பை ',' ஆப்ஷனலி என்க்ளோஸ்ட் பை '"' லைன்ஸ் டெர்மினேட்டட் பை '\ஆர்\என்' இக்னோர் 1 லைன்ஸ் (@வி1, ஊர், விவசாயி_எண், பூ, கிலோ, @வி2, @வி3) செட் நாள் = எஸ்டிஆர்_டு_டேட்(@வி1, '%டி/%எம்/%ஒய்'), விலை = ரீப்ளேஸ்(@வி2, ',', ''), தொகை = ரீப்ளேஸ்(@வி3, ',', '')

தேதியையும் கமாவையும் ஏற்றும் போக்கிலேயே சரிசெய்துவிடுகிறது. கமாவை நீக்குவது போஸ்ட்கிரஸ் காப்பியால் முடியாது. தேதி வடிவத்தில் ஒய் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சிறிய ஒய் இரண்டு இலக்க வருடத்துக்கு.

இனி ஆபத்து. லோக்கல் போட்டால், பிழைகள் எல்லாம் வெறும் எச்சரிக்கைகளாக இறங்கிவிடும். தப்பான மதிப்பை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் முறை இயங்கினாலும் இதுதான் கதி. பாதி ஃபைல் வந்துகொண்டிருக்கும்போது அதை நிறுத்தச் சர்வருக்கு வழி இல்லை என்பதே காரணம். ரீப்ளேஸ் போட மறந்தால் 1,25,000 என்பது 1 ஆக நுழையும். ஒன்றேகால் லட்சம் ஒரு ரூபாய் ஆகிவிட்டது. திரையில் வருவது "வார்னிங்ஸ்" என்ற சொல்லும் ஒரு எண்ணும் மட்டுமே. தேதியை மாற்றாமல் விட்டால் சுழியத் தேதியாகவோ, சம்பந்தமே இல்லாத வேறு தேதியாகவோ விழும். ஒரே சாவி மறுபடி வந்தால் அந்த வரி வெறும் எச்சரிக்கையோடு கழன்றுகொள்ளும். கிலோ எழுதாமல் விட்ட கட்டம் 0 ஆகிவிடும். எடை போடவில்லை என்பதும் எடை பூஜ்யம் என்பதும் கடைக்காரருக்கு ஒன்றல்ல.

ஆகவே ஏற்றியவுடன், வேறு கட்டளை அடிக்கும் முன், "ஷோ வார்னிங்ஸ்" பாருங்கள். 8.0இல் அது இயல்பாக 1024 வரை மட்டுமே வைத்திருக்கும். சர்வர் இயந்திரம் கைவசம் இருந்தால், ஃபைலை அங்கே கொண்டுபோய் லோக்கல் இல்லாமல் ஏற்றுங்கள். அப்போது ஸ்ட்ரிக்ட் முறையில் பிழை பிழையாகவே நிற்கும்.

வரி முடிவும் இதில் தொல்லை. விண்டோஸில் வரி '\ஆர்\என்' என்றும் லினக்ஸில் '\என்' என்றும் முடியும். விண்டோஸ் ஃபைலுக்கு '\என்' மட்டும் கொடுத்தால் ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்திலும் ஒரு \ஆர் ஒட்டிக்கொள்ளும்; பிறகு தேடினால் எதுவும் பொருந்தாது. லினக்ஸ் ஃபைலுக்கு '\ஆர்\என்' கொடுத்தால் முழு ஃபைலும் ஒரே வரியாகத் தெரியும். அந்த ஒரு வரியையும் இக்னோர் 1 தள்ளிவிட, "0 பதிவுகள்" என்று அமைதியாக முடியும்.

மைஎஸ்க்யூஎல்இம்போர்ட் என்ற தனி நிரலும் உண்டு. ஃபைல் பெயரே டேபிள் பெயர் என்று எடுத்துக்கொள்ளும், மற்றபடி உள்ளே இதே கட்டளைதான்.

எஸ்க்யூலைட்: ஒரு கடை, ஒரு கணினி

சர்வர் இல்லை, கடவுச்சொல் இல்லை. பதிப்பு 3.32இலிருந்து (2020) இவ்வளவே போதும்:

.இம்போர்ட் --சிஎஸ்வி --ஸ்கிப் 1 பூ.சிஎஸ்வி பூ_கணக்கு

டேபிள் முன்பே இருந்தால் மட்டும் ஸ்கிப் 1. இல்லாவிட்டால் முதல் வரியை நெடுவரிசைப் பெயராக எடுத்துத் தானே டேபிள் உருவாக்கும். அப்போது ஸ்கிப் போட்டால் முதல் விவசாயியின் பதிவே தலைப்பாகிவிடும். டேபிளை நீங்களே உருவாக்குவதுதான் சரி. விவசாயி எண்ணை டெக்ஸ்ட் என்று வையுங்கள். இன்டிஜர் என்றால் 0417 வெறும் 417 ஆகும். இந்த விதி நாலு டேட்டாபேஸுக்கும் பொது.

எஸ்க்யூலைட்டின் குணம் எதையும் மறுக்காதது. எண் நெடுவரிசையில் "1,25,000" வந்தால் அதைச் சொல்லாகவே வைத்துக்கொள்ளும். ஏற்றம் சுத்தமாக முடியும், கூட்டிப் பார்க்கும்போதுதான் தொகை உதைக்கும். மருந்து, பதிப்பு 3.37இல் (2021) வந்த ஸ்ட்ரிக்ட் டேபிள்: தப்பான வகையை மறுத்து, வரி எண்ணோடு பிழை சொல்லி, மற்ற வரிகளை ஏற்றும். இந்தப் பயன்பாட்டுக்கு ஸ்ட்ரிக்ட் இல்லாத டேபிளை நாங்கள் சிபாரிசு செய்யவே மாட்டோம்.

தேதி என்றொரு வகையே இதில் இல்லை. 25/03/2024 வெறும் எழுத்துதான். வரிசைப்படுத்தினால் எல்லா மாதத்து 1ஆம் தேதியும் முதலில் வந்து நிற்கும். 2024-03-25 என்று திருப்பிப்போட்டே ஆக வேண்டும். வெற்றுக் கட்டம் நல் ஆகாது, வெற்றுச் சொல்லாக நிற்கும்.

டக்டிபி: ஏற்றுவதைவிடச் சோதிக்க

இயல்பாக முதல் 20,480 வரியைப் பார்த்து, பிரிப்பான், தலைப்பு, வகை எல்லாவற்றையும் தானே ஊகித்துக்கொள்ளும். ஏற்றாமலே ஃபைலின்மீது நேராகக் கேள்வி கேட்கலாம். கணிப்பு பொய்த்தால் "சாம்பிள்_சைஸ்" மைனஸ் 1 கொடுங்கள், முழு ஃபைலையும் பார்க்கும். ஆனால் 0417 எண் மாதிரி தெரிவதால் அதை எண்ணாக்கிவிடும்; "ஆல்_வார்ச்சார்" கொடுத்தால் எதையும் தொடாது. தேதி வடிவத்தை அதன் ஊகத்துக்கு விடாமல் நாமே சொல்லிவிடுவது நல்லது. "ஸ்டோர்_ரிஜெக்ட்ஸ்" போட்டால் தள்ளிய வரிகளைக் காரணத்தோடு தனி டேபிளில் தரும். இது மற்ற மூன்றிலும் இல்லாத வசதி. சுத்தம் செய்தபின் போஸ்ட்கிரஸுடனோ மைஎஸ்க்யூஎல்லுடனோ இணைத்து அங்கேயே தள்ளிவிடலாம்.

திருப்பரங்குன்றம் சோதனை

ஊர் நெடுவரிசைக்கு வார்ச்சார்(10), அதாவது அதிகபட்சம் 10 எழுத்து என்று வைத்திருக்கிறீர்கள். திருப்பரங்குன்றம், எண்ணிப் பாருங்கள், 10 எழுத்து. ஆனால் டேட்டாபேஸ் எண்ணுவது யூனிகோட் குறிகளை: புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி. அந்தக் கணக்கில் 17, பைட்டில் 51. போஸ்ட்கிரஸ் "மதிப்பு நீளம்" என்று நிற்கும். மைஎஸ்க்யூஎல் லோக்கலில் "திருப்பரங்" என்று வெட்டி ஏற்றும். ஸ்ட்ரிக்ட் இல்லாத எஸ்க்யூலைட் டேபிளும் டக்டிபியும் அந்த 10ஐக் கண்டுகொள்ளவே மாட்டா, முழுப் பெயரும் ஏறும். ஒரே ஃபைல், மூன்று விளைவு. தமிழ்ப் பெயர் வரும் நெடுவரிசைக்கு எழுத்து எண்ணிக்கையின் இரண்டு மடங்காவது இடம் விடுங்கள்.

கொட்டாம்பட்டியில் இன்னொரு சிக்கல். "கொ"வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, போஸ்ட்கிரஸுக்கு இரண்டு ஊர். பதிப்பு 13இலிருந்து உள்ள "நார்மலைஸ்" செயற்கூறு இதைச் சரிசெய்யும்.

எதை எடுப்பது?

கடையின் ஒரே கணினியில் ஓடும் கணக்கா? எஸ்க்யூலைட், ஸ்ட்ரிக்ட் டேபிளோடு. பலர் ஒரே நேரத்தில் எழுதும் பணக் கணக்கா? போஸ்ட்கிரஸ், இதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. வலைத்தளம் ஏற்கெனவே மைஎஸ்க்யூஎல்லில் ஓடுகிறதா? அதை மாற்ற வேண்டாம், ஆனால் நேராக முதன்மை டேபிளில் லோக்கல் ஏற்றாதீர்கள்.

எதை எடுத்தாலும் இடைத்தங்கல் டேபிள் ஒன்று வையுங்கள். எல்லா நெடுவரிசையும் தாராள நீளமுள்ள டெக்ஸ்ட். அதில் எதுவும் வெட்டுப்படாது, மாறாது. அங்கிருந்து கமாவை நீக்கி, தேதியைத் திருப்பி, முதன்மை டேபிளுக்கு இன்சர்ட் செய்யுங்கள். மைஎஸ்க்யூஎல்லிலும் அந்த இன்சர்ட் ஸ்ட்ரிக்ட் முறைப்படி நிற்கும். லோக்கலின் இளக்கம் அங்கே கிடையாது.

பிறகு நாலு எண்ணை ஒப்பிடுங்கள்: வரிகளின் எண்ணிக்கை, தொகையின் கூட்டல், மிகப் பழைய தேதி, மிகப் புதிய தேதி. கூட்டலைக் கடையின் பேரேட்டுத் தொகையோடு வைத்துப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருந்து தொகை மட்டும் இடித்தால், கமா. மொத்தத் தொகை சரியாக இருந்து மாதவாரிக் கூட்டல் மட்டும் பேரேட்டோடு இடித்தால், நாளும் மாதமும் புரண்டிருக்கிறது.