தரையா, மேசையா, சோபாவா: சமைத்தவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்?

டைனிங் டேபிள் வாங்கலாமா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் 3 வருடம் பேச்சு ஓடியது. 2 படுக்கையறை ஃபிளாட், ஹால் 10 அடிக்கு 16 அடி, அன்றாடம் சாப்பிடுகிறவர்கள் 4 பேர்: நான், கணவர், 3ஆம் வகுப்பு படிக்கும் மகள், 67 வயது அத்தை. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பமும் வந்துவிட்டால் 8 பேர். இந்த 3 வருடத்தில் தரையில் பாய், சோபாவும் டீப்பாயும், சுவரில் மடக்கு மேசை, 6 பேர் உட்காரும் கண்ணாடி மேசை என்று எல்லாவற்றிலும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டோம். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

மரம், அழகு, விலை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: சமைத்தவர் மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா? எங்கள் வீட்டில் பல வருடம் அது நடக்கவில்லை. முதலில் மகள், அப்புறம் கணவர், அவரோடு நான் பாதி உட்கார்ந்தும் பாதி எழுந்தும், எல்லாம் முடிந்தபின் அத்தை அடுப்படியில் நின்றபடியே சட்டியின் அடியில் மிஞ்சிய குழம்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்து நாலு வாயில் முடித்துவிடுவார். மேசை ஒன்றை வாங்கிப் போட்டால் மட்டும் இது மாறிவிடாது. ஆனால் உட்காரும் ஏற்பாடு சரியில்லை என்றால் மாறவே மாறாது.

தரை

இடம் மிச்சம் என்று பார்த்தால் தரைக்கு ஈடாக எதுவும் கிடையாது. பாயை விரித்தால் சாப்பிடும் இடம், சுருட்டி வைத்தால் மறுபடி ஹால். 8 பேர் வந்தாலும் 12 பேர் வந்தாலும் இன்னொரு பாய், அவ்வளவுதான். மேசை அப்படியில்லை, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரமும் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், சும்மா இருக்கிற நேரத்தில் மடிக்காத துணியும் மருந்து டப்பாவும் கரண்ட் பில்லும் அதன் மேல் ஏறிவிடும்.

சரி, தரை என்றால் எந்தத் தரை? அத்தை பிறந்த மன்னார்குடி வீட்டில் ரெட் ஆக்சைடு தரை, வருடக்கணக்காகக் காலும் கையும் பட்டு வழவழப்பு ஏறியது. கோடையில் குளிர்ச்சியாக இருக்கும், இலையை எடுத்தபின் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் சுத்தம். எங்கள் ஃபிளாட்டில் விட்ரிஃபைடு டைல்ஸ். டைல்ஸ் சேரும் கோட்டில் சாம்பார் இறங்கினால் மஞ்சள் அப்படியே நிற்கிறது, ரசம் சிந்திய இடத்தில் தெரியாமல் கால் வைத்தால் வழுக்குகிறது.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம், என்னை யோசிக்க வைத்தது முதுகும் முழங்காலும்தான். தரையில் சாப்பிடுகிறவர் ஒருமுறை உட்கார்ந்து ஒருமுறை எழுகிறார். பரிமாறுகிறவர் சாதம், சாம்பார், பொரியல், ரசம், மோர் என்று ஆளுக்கு ஐந்து முறையாவது குனிந்து நிமிர வேண்டும், 3 பேருக்குப் பரிமாறினாலே 15 தடவை, அதுவும் கையில் சூடான பாத்திரத்தோடு. அது முடிந்து அவர் உட்காரும்போது மற்றவர்கள் கை கழுவப் போயிருப்பார்கள். முழங்கால் வலி வந்த பிறகு அத்தைக்கு அதுவும் முடியவில்லை. "உட்கார்ந்துடுவேம்மா, எழுந்திரிக்கத்தான் யாராவது கை குடுக்கணும்" என்றார் ஒருநாள். தினமும் 3 வேளை கை கொடுக்கச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் நின்றுகொண்டே சாப்பிட்டிருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. மணைப்பலகை போட்டுப் பார்த்தோம், அது கொடுக்கும் இரண்டு மூன்று அங்குலம் போதவில்லை.

முழங்கால் நன்றாக இருக்கிற வீடாக இருந்தால், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பாத்திரங்களை நடுவில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிற பழக்கமும் இருந்தால், தரையே போதும் என்றுதான் சொல்வேன். மேசைக்குச் செலவழிக்க வேண்டாம்.

சோபா, மேடை, மடக்கு மேசை

சோபாவில் சமைத்தவருக்கும் இடம் உண்டு, அது நல்ல விஷயம்தான். ஆனால் டீப்பாய் 16, 18 அங்குல உயரம், தட்டை அதில் வைத்தால் கூனிக்கொண்டு சாப்பிட வேண்டும், மடியில் வைத்தால் ரசம் சாதம் எப்போது சாயும் என்று பயம். எல்லோர் கண்ணும் டிவியில். மகளிடம் இன்று என்ன பொரியல் என்று கேட்டால் சாப்பிட்டு முடித்தபிறகும் தெரியாது. மஞ்சள் கறை பட்ட உறையைத் துவைத்து வெயிலில் போட்டால் கறை வெளுத்துவிடும், சோபாவின் கைப்பிடியில் பட்டதை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போக முடியாதே. எனக்கு இது வேண்டவே வேண்டாம்.

புது ஃபிளாட்களில் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு மேடை கட்டி உயரமான ஸ்டூல் போடுகிறார்கள். 2 பேர் காபி குடிக்க அருமையான இடம், தோசை கல்லில் இருந்து நேராகத் தட்டுக்கு வரும். ஆனால் கால் தொங்கும் ஸ்டூலில் 67 வயதுக்காரரை ஏறச் சொல்ல முடியாது, குழந்தையை ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது.

மடக்கு மேசை, 3 அடிக்கு 2 அடி பலகை, கீல் போட்டுச் சுவரில் மாட்டுவது, புதிதாகக் கல்யாணமானவர்களுக்கும் தனியாக அறை எடுத்திருப்பவர்களுக்கும் நான் தயங்காமல் சொல்வேன். சுவர் என்ன கல் என்று மட்டும் முதலில் பாருங்கள். செங்கல் சுவரில் திருகு நன்றாகப் பிடிக்கும், ஹாலோ பிளாக் சுவரில் எங்களுக்கு ஒரு மாதத்திலேயே ஆட ஆரம்பித்துவிட்டது. 4 பேருக்கு இது பத்தாது.

மேசை என்று முடிவானால்

கல்யாண மண்டபத்தில் மேசை வந்த பிறகும் பந்தி மாறவில்லை, கவனித்திருப்பீர்கள். ஒடுக்கமான நீள மேசை, மேலே பேப்பர் ரோல், ஒரு பக்கம் மட்டும் நாற்காலி, எதிர்ப்பக்கம் பரிமாறுகிறவர்கள் வாளியோடு நடக்கும் பாதை. தரைப் பந்தியை அப்படியே இரண்டரை அடி தூக்கி வைத்த மாதிரி. வீட்டு மேசை வேறு. எல்லோரும் நடுவைப் பார்த்து உட்காருகிறார்கள், பாத்திரமும் நடுவில் இருக்கிறது, தனியாகப் பரிமாற ஆள் வேண்டாம்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நம் வீடுகளில் அது அவ்வளவு சுலபமில்லை. வலது கை சோறு பிசைந்த கை, எச்சில் கை, அதால் கரண்டியைத் தொடக்கூடாது. அப்படியானால் இடது கையால்தான் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும், அது பெரியவர்கள் பலருக்கு ஒப்பாது. பத்து, அதாவது சமைத்த சோறு பட்டதை மற்றதோடு சேர்க்கக்கூடாது என்கிற ஆசாரம், பார்க்கிற வீடுகளில் சாதப் பாத்திரத்தைச் சாப்பிடும் மேசையில் வைப்பதே பெரிய விஷயம். எங்கள் அத்தைக்கும் முதல் மாதம் இது உறுத்திக்கொண்டே இருந்தது, மேசை போட்டும் எழுந்து நின்று எங்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு வழி பிடித்தோம். உட்காரும் முன்பே 4 தட்டிலும் சாதமும் பொரியலும் வைத்துவிடுவது. குழம்பு, ரசம், மோர் மூன்றையும் கைப்பிடியும் மூக்கும் உள்ள சின்னப் பாத்திரங்களில் ஊற்றி நடுவில் வைப்பது, வேண்டியவர்கள் இடது கையால் சாய்த்து ஊற்றிக்கொள்ளலாம். சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரை இடது கையால்தானே எடுக்கிறோம், அதனால் இது அத்தைக்கு உறுத்தவில்லை. இன்னொரு கை சாதம் வேண்டுமென்றால் மகள் எழுந்து போட்டுவிடுவாள், அவள்தான் எல்லோருக்கும் முன்னால் சாப்பிட்டு முடிக்கிறவள். அத்தை இப்போது எங்களோடு முதல் பந்தியிலேயே உட்காருகிறார். நான் பார்த்த எந்த மேசையின் அழகும் இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாகாது.

அளவுக்கு வருகிறேன். ஆளுக்கு 2 அடி நீளம் வேண்டும், நாற்காலியை இழுத்து உட்கார்ந்து எழ மேசை விளிம்பில் இருந்து இரண்டரை முதல் 3 அடி வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் உட்காரும் 3 அடி அகல மேசைக்கு மொத்தம் 8, 9 அடி போய்விடும், 10 அடி ஹாலில் மிச்சம் என்ன இருக்கிறது? நாங்கள் முதலில் இதைக் கணக்குப் போடவில்லை. கடைக்காரர் "ஹாலுக்குத் தாராளமா போகும் மேடம்" என்று சொல்ல, 5 அடிக்கு 3 அடி கண்ணாடி மேசையும் 6 நாற்காலியும் வாங்கிவிட்டோம். பால்கனிக் கதவு பாதிதான் திறந்தது. இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்: பழைய செய்தித்தாளை மேசை அளவுக்கும் நாற்காலி இழுக்கும் அளவுக்கும் சேர்த்துத் தரையில் ஒட்டிவிட்டு 2 நாள் அதை மிதிக்காமல் நடந்து பாருங்கள்.

அகலம் இரண்டரை அடியா 3 அடியா என்று கேட்டால், வாழை இலை போடுகிற வீடு 3 அடியே எடுக்கட்டும். எதிரெதிரே 2 இலை போட்டால் ஆளுக்கு ஒரு அடி போக, பாத்திரம் வைக்க நடுவில் ஒரு அடியாவது வேண்டும். வட்ட மேசை பேச்சுக்கு நல்லது, யாரும் ஓரமாகத் தெரியமாட்டார்கள், மூன்றரை அடி விட்டத்தில் 4 பேர் உட்காரலாம். ஆனால் அதைச் சுவரோடு தள்ளிப்போட முடியாது, சின்ன ஹாலுக்கு நீள்சதுரம்தான் சரி.

உயரம் பற்றி யாருமே பேசுவதில்லை. கடையில் வரும் மேசை பெரும்பாலும் 30 அங்குலம், நாற்காலி 18. அத்தை 5 அடிக்கும் குறைவு. உட்கார்ந்தால் குதிகால் தரையில் படவில்லை, தட்டு நெஞ்சு உயரத்தில், பிசைவதற்கு முழங்கையைத் தூக்க வேண்டியிருந்தது. கரண்டியால் சாப்பிடுகிறவருக்கு அது பெரிதாகத் தெரியாது, கையால் பிசைகிறவருக்குத் தோள் வலிக்கும். இப்போதைய மேசையை வாங்கியதும் ஆசாரியை வரச்சொல்லி நாற்காலிக் காலில் ஒன்றரை அங்குலமும் மேசைக்காலில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் அறுத்து அடியில் புதிதாக ரப்பர் புஷ் போட்டோம். அரை நாள் வேலை. அத்தை உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தட்டைக் கிட்ட இழுத்துக்கொண்டார்.

மேல்பலகை, மரம்

கண்ணாடி பார்க்க லேசு, துடைக்கச் சுலபம் என்பார்கள். எவர்சில்வர் தட்டை வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம், எண்ணெய்க் கை பட்ட ஒவ்வொரு இடத்திலும் தடம். டஃபன்டு கண்ணாடி உடைந்தால் கூரான துண்டாகாமல் பொடிப்பொடியாகக் கொட்டும், அது பாதுகாப்புதான், ஆனாலும் குழந்தை ஒரு டம்ளரை ஓங்கி வைத்தால் நெஞ்சு பதறுகிறது. 7 மாதத்தில் விற்றுவிட்டோம்.

மார்பிள் நம் சாப்பாட்டுக்கு ஒத்துவராது. எலுமிச்சை, புளி, தக்காளி, மோர் எல்லாமே புளிப்பு, மார்பிளில் இருப்பது கால்சியம் கார்பனேட், புளிப்பு பட்ட இடம் பளபளப்புப் போய் மங்கிவிடும், எவ்வளவு துடைத்தாலும் திரும்பாது. கிரானைட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, எடைதான் பிரச்சினை, வாடகை வீடு மாறுகிறவர்கள் யோசிக்க வேண்டும். சன்மைக்கா ஒட்டிய பிளைவுட் பார்க்கச் சாதாரணம், ஆனால் மஞ்சள், எண்ணெய் எல்லாவற்றையும் தாங்கும். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு எது என்று கேட்டால் என் கை முதலில் அதைத்தான் காட்டும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய செட்டிநாட்டுக் கதவை வாங்கி வந்து மேசையாக்குகிறவர்கள் உண்டு. பர்மா தேக்கு, தலைமுறை தாண்டி நிற்கும். சிற்ப வேலை இருந்தால் மட்டும் மேலே கண்ணாடி போட்டே ஆகவேண்டும், குழியில் பருக்கை போனால் ஊசியால்தான் எடுக்க வேண்டும்.

எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு என்று மரநாரையும் மரத்தூளையும் பசை சேர்த்து அழுத்திச் செய்யும் பலகைகள் பற்றி ஒரே விஷயம்தான்: தண்ணீர். நாம் தினமும் தரையை ஈரத்துணியால் துடைக்கிறோம், மாப் பட்டுப் பட்டுக் காலடி ஊறி உப்பிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் உறவுக்காரர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அட்டைப்பலகை அலமாரி பூரி மாதிரி உப்பி உதிர்ந்தது, பழைய தேக்கு மேசையை நிழலில் 2 வாரம் உலர்த்தி பாலிஷ் போட்டார்கள், இன்றும் அதில்தான் சாப்பிடுகிறார்கள்.

தேக்கு எங்கள் பட்ஜெட்டில் இல்லை. ரப்பர் மரம் எடுத்தோம். பால் வற்றிய மரத்தை எப்படியும் வெட்டத்தான் செய்வார்கள், கன்னியாகுமரிப் பக்கம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதனால் விலை குறைவு. பதப்படுத்தாத ரப்பர் மரத்தைப் பூச்சி சீக்கிரம் அரித்துவிடும், ட்ரீட்மென்ட் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள், சிந்தியதை உடனே துடையுங்கள்.

4 அடிக்கு 3 அடி. சுவர்ப் பக்கம் பெஞ்சு, எதிரே 2 நாற்காலி, வாஷ் பேசின் நாலு எட்டில். கையில் சோறு காயும்வரை ஹாலைச் சுற்றிப் போக வேண்டியதில்லை, கையால் சாப்பிடுகிற வீட்டுக்கு இதையும் பார்த்துத்தான் மேசை போடும் இடத்தை முடிவுசெய்ய வேண்டும்.

பாயைத் தூக்கிப்போடவில்லை. ஆடிப்பெருக்கு அன்று 9 பேர், மேசையில் அடங்காது, ஹாலில் 2 பாய் விரித்து இலை போட்டோம். அத்தையால் மட்டும் தரையில் உட்கார முடியாது என்பதால் அவர் இலை மேசையில். எல்லோரும் கீழே உட்கார்ந்தபின் மகள் எழுந்து, தேங்காய்ச் சாதமும் புளியோதரையும் வைத்திருந்த தன் இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மெதுவாக நடந்துபோய் பாட்டி பக்கத்தில் பெஞ்சில் ஏறி உட்கார்ந்தாள்.