கிரகாமா, புரூக்ஸா?

1950-இல் 19 வயது வாரன் பஃபெட், பின்னாளின் பெரும் முதலீட்டாளர், படித்தது பெஞ்சமின் கிரகாமின் முதலீட்டு நூல் ‘தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’. 1991-இல் அவர் பில் கேட்ஸுக்கு இரவல் கொடுத்தது ஜான் புரூக்ஸின் தொழில் உலகக் கதைகள், ‘பிசினஸ் அட்வெஞ்சர்ஸ்’. இரண்டில் எதை முதலில் படிப்பது?

தொழில் நடத்துபவர் முதலில் புரூக்ஸைப் படிப்பதே நல்லது. ஃபோர்டின் எட்செல் கார் கதை ஒன்றே போதும்: ஆயிரக்கணக்கான பெயர்களைப் பரிசீலித்துவிட்டு, கடைசியில் நிறுவனர் மகனின் பெயரையே சூட்டினார்கள். 1957-இல் வந்த வண்டியின் தயாரிப்பு 1959-இல் நின்றுபோனது. பெரிய மூளைகள் கூடிச் சொதப்புவதை இவ்வளவு சுவையாக எழுதியவர்கள் குறைவு.

கிரகாமைப் படிப்பது, லாபம் கைக்கு வந்து அதை முதலீடு செய்ய நினைக்கும்போது. அவருடைய ‘மிஸ்டர் மார்க்கெட்’ என்ற கற்பனைப் பங்காளி, அதாவது பங்குச் சந்தை, தினமும் உங்கள் பங்குக்கு ஒரு விலை சொல்வார். இன்று யானை விலை, நாளை அடிமாட்டு விலை. பிடிக்காவிட்டால் சட்டைசெய்ய வேண்டியதில்லை. கடன் பத்திரப் பக்கங்கள் கொட்டாவி வரவழைக்கும். 8, 20ஆம் அத்தியாயங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.