மலை விபத்தை யார் எழுத வேண்டும்? மூன்று நூல்களை முன்வைத்து

1996 மே 10 அன்று மாலை, எவரெஸ்ட் உச்சியிலிருந்து பனிப்புயலில் இறங்கிக்கொண்டிருந்த அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிராக்கவர், தென்கணவாய் முகாமுக்குச் சற்று மேலே தம் குழுவின் வழிகாட்டிகளுள் ஒருவரான ஆண்டி ஹாரிசைச் சந்தித்துப் பேசியதாக உறுதியாக நம்பினார். ஹாரிஸ் முகாமை நெருங்கிவிட்டார் என்று அவர் சொன்னதை உடனிருந்தவர்கள் மட்டுமன்றி ஹாரிசின் குடும்பத்தாரும் நம்பினார்கள். ஊர் திரும்பி ஒவ்வொருவரிடமும் விசாரித்த பின்னரே, அன்று தாம் பேசியது வேறொரு குழுவைச் சேர்ந்த மார்ட்டின் ஆடம்சிடம் என்பது அவருக்குத் தெரியவந்தது. ஹாரிஸ் முகாமின் அருகே வரவே இல்லை. மலையின் மேற்பகுதியிலேயே மறைந்துபோனார்.

அந்தப் புயலில் பலர் இறந்த விபத்தைப் பற்றிக் கிராக்கவர் எழுதிய ‘இன்டு தின் ஏர்’ நூலில் என்னை மிகவும் பாதித்த இடம் இதுதான். நேரில் கண்டவனே எழுத வேண்டும் என்பது பலரின் எண்ணம். ஆனால் எட்டாயிரம் மீட்டர் உயரத்தில், ஆக்சிஜன் குறைந்த மூளையைக் கொண்டு கண்டவனின் கண்ணை எவ்வளவு நம்பலாம்? கிராக்கவர் இந்தத் தவறை மறைக்கவில்லை. தாம் சொன்ன பொய்ச்செய்தி ஒரு குடும்பத்தை எப்படி வதைத்தது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காகவே 1997இல் வெளிவந்த இந்நூலை இன்றும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஆயினும் அதே நூல், வேறொரு குழுவின் வழிகாட்டியான அனதோலி பூக்ரேயெவிடம் அவ்வளவு நிதானம் காட்டவில்லை. வழிகாட்டியாக இருந்தும் ஆக்சிஜன் இல்லாமல் ஏறினார், வாடிக்கையாளர்களுக்கு முன்பாகவே இறங்கிவிட்டார் என்பவை அவர்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகள். அதே இரவில் அவர் தன்னந்தனியாகப் புயலுக்குள் சென்று மூவரை மீட்டு வந்ததையும் கிராக்கவர் பதிவுசெய்துள்ளார் எனினும், படித்து முடித்ததும் வாசகர் மனத்தில் தங்குவது குற்றச்சாட்டுதான். பூக்ரேயெவ், வெஸ்டன் டிவால்ட் என்பவருடன் சேர்ந்து ‘தி கிளைம்ப்’ நூலைக் கொண்டுவந்தார். கீழே தயாராக இருந்து உதவுவதற்காக, குழுத்தலைவரின் சம்மதத்துடனேயே முன்னதாக இறங்கினேன் என்பது அதில் அவர் தரும் விளக்கம். நடையில் முதல் நூலுக்கு இது ஈடாகாது. வழக்காடும் தொனி பல பக்கங்களில் களைப்பூட்டுகிறது. இருப்பினும் ஆங்கிலம் சரளமாக வராத ஒருவர், ஆங்கிலத்தில் தேர்ந்த ஓர் எழுத்தாளருக்கு எதிராகத் தம் தரப்பைச் சொல்ல எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதை இந்நூல் காட்டிவிடுகிறது. 1997 டிசம்பரில், அன்னபூர்ணாவில் ஏற்பட்ட பனிச்சரிவில் பூக்ரேயெவ் இறந்தார்.

மூன்றாவது நூல் பீட்டர் சக்கர்மன், அமண்டா படோவான் இருவரும் எழுதி 2012இல் வெளிவந்த ‘பரீட் இன் த ஸ்கை’. 2008 ஆகஸ்டில், உலகின் இரண்டாவது உயரமான கே2 மலையில் பதினொருவர் இறந்த விபத்தைப் பற்றியது. நூலாசிரியர்கள் அந்த விபத்தின்போது மலையில் இல்லை. பிழைத்து வந்த ஐரோப்பியர்களின் கதைகள் ஏற்கெனவே வெளிவந்துவிட்ட நிலையில், இவர்கள் நேபாளத்து ஷெர்பா வீடுகளுக்கும், பாகிஸ்தானின் ஷிம்ஷால் கிராமத்துக்கும் சென்று, நூல் எழுதும் வாய்ப்பில்லாத சுமைதூக்கிகளையும் அவர்களின் குடும்பங்களையும் கேட்டு எழுதினார்கள். 1954இல் இத்தாலியர்கள் கே2 உச்சியை அடைவதற்காக ஆக்சிஜன் உருளைகளைச் சுமந்துசென்று, ஒரு முழு இரவைத் திறந்த பனியில் கழித்துக் கால்விரல்களை இழந்த ஹுன்சாவின் அமீர் மஹ்தியையும் நூல் நினைவுகூர்கிறது.

பனிப்பாறை உடைந்து, ஏறி இறங்குவதற்காகக் கட்டியிருந்த நிலைக்கயிறுகளை அறுத்துச் சென்ற அந்த 2008 இரவில், ‘பாட்டில்நெக்’ எனப்படும் குறுகிய செங்குத்துச் சரிவின் மேல் ஷெர்பாவான பசாங் லாமா பனிக்கோடரி இல்லாமல் நிற்கிறார். தம்முடையதைக் கயிறுகட்டும் பணிக்கு முன்பே கொடுத்துவிட்டவர். இன்னொரு ஷெர்பாவான சிரிங் தோர்ஜே அவரைத் தம் இடுப்புப்பட்டையோடு குட்டையான கயிற்றால் பிணைத்துக்கொள்கிறார். ஒரே கோடரி, இரண்டு உயிர்கள். கோடரியைக் குத்தி, காலணி முட்களைப் பனியில் பதித்து, அடுத்த அடியை இருட்டில் தேடி, இருவரும் இறங்குகிறார்கள். இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது என் கை நூலை இறுகப் பற்றியிருந்தது. மலையில் இல்லாதவர்களால் இவ்வளவு கிட்டத்தில் எழுத முடிந்ததென்றால், அதற்குக் காரணம் அவர்கள் கேட்ட கேள்விகளும் காட்டிய பொறுமையும்தான். முற்பகுதியில் வரலாறு சற்று நீளுகிறது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மூன்றில் ஒன்றை மட்டும் வாங்க முடியுமெனில் இதையே வாங்குங்கள். 1996 விபத்தைப் பற்றிய இரு நூல்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் படிப்பது ஒரு தரப்பின் வாதத்தைக் கேட்டுவிட்டு எழுந்துபோவதாகும்.

ஒரு குறை என்னை விடாமல் உறுத்துகிறது. 1996இன் அதே புயலில், எவரெஸ்டின் வடபுறத்தில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையைச் சேர்ந்த செவாங் சமன்லா, செவாங் பல்ஜோர், தோர்ஜே மொருப் ஆகிய மூன்று லடாக்கியர்களும் இறந்தார்கள். மலையின் தென்புறத்தில் இருந்த கிராக்கவர் அவர்களுக்கு ஒரு சிறு அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். அவர்களைப் பற்றி ஒரு முழுநூல் எழுத வருபவர் லடாக்கி தெரிந்தவராக இருக்க வேண்டும். அம்மூவரின் ஊர்களில் ஒரு குளிர்காலம் முழுவதும் தங்கிக் கேட்க ஆயத்தமாகவும் இருக்க வேண்டும்.